பண்டைய இஸ்ரவேலரின் சமயமும் பொருளாதாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டைய இஸ்ரவேலர் என்று இங்கே குறிப்பிடப்படுபவர்கள் யார்?

கானான் மலைநாட்டில் ஏறத்தாழ கி.மு. 1200 முதல் ஊர் அமைத்து வாழ்ந்தவர்களும், அவர்களிடமிருந்து உருவான வடக்கு இஸ்ரவேல், தெற்கு யூதா ஆகிய இரு அரசுகளின் மக்களும், பின்னர் பாரசீகர், கிரேக்கர், உரோமர் ஆட்சிகளின்கீழ் எருசலேமைச் சுற்றி வாழ்ந்த அவர்களின் வழித்தோன்றல்களும் இங்கே பேசப்படுகிறார்கள். வடக்கு அரசு கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. எருசலேமையும் அதன் முதல் ஆலயத்தையும் பாபிலோனியர் கி.மு. 586 அளவில் அழித்தனர். மீண்டும் கட்டப்பட்ட ஆலயத்தை உரோமர் கி.பி. 70இல் எரித்தனர். இவ்வளவு நீண்ட காலம் முழுவதற்கும் ஒரே பொருளாதாரமோ ஒரே வழிபாட்டு முறையோ இருக்கவில்லை.

சமயத்தையும் பொருளாதாரத்தையும் அவர்கள் தனித்தனியாகப் பார்த்தார்களா?

பார்க்கவில்லை. எபிரெய வேதாகமத்தின் மொழியில் இவ்விரண்டையும் பிரித்துச் சுட்டும் சொற்களே கிடையா. வாழ்வு மழையை நம்பிய மலைச்சரிவு வேளாண்மையின்மேல் நின்றது. தானியம், திராட்சரசம், ஒலிவ எண்ணெய் ஆகிய மூன்றுமே அதன் அடிப்படை. 1908இல் கேசேர் என்ற இடத்தில் கிடைத்த, கையில் அடங்கும் அளவுள்ள ஒரு சுண்ணாம்புக் கற்பலகை, அறுவடையைச் சேர்க்க இரண்டு மாதம், விதைக்க இரண்டு மாதம், பின்விதைப்புக்கு இரண்டு மாதம், சணலுக்கு ஒரு மாதம், வாற்கோதுமை அறுக்க ஒரு மாதம் என்று ஆண்டை வயல்வேலையால் அளக்கிறது. அது கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெருவிழாக்கள் மூன்றும் இதே கணக்கில்தான் அமைந்தன: புளிப்பில்லா அப்பப் பண்டிகை வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில், வாரங்களின் பண்டிகை கோதுமை அறுப்பில், கூடாரப் பண்டிகை திராட்சையும் ஒலிவமும் வீடு சேர்ந்தபின். புதுவிளைச்சலின் முதற்கதிரைக் கடவுளுக்கு முன் வைக்கும்வரை அதில் எதையும் உண்ணக் கூடாது என்பது விதி.

நிலம் யாருக்குச் சொந்தம் என்று கருதினார்கள்?

நிலம் கடவுளுடையது, மக்கள் அதில் குடியிருக்கும் அந்நியரும் பரதேசிகளுமே என்று வேதாகமத்தின் சட்டநூல்களில் ஒன்றான லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆகவே நிலத்தை அறுதியாக விற்க முடியாது. விற்கப்படுவது இத்தனை ஆண்டு விளைச்சல் மட்டுமே என்பது அந்தச் சட்டத்தின் வாதம். குடும்பத்தில் ஒருவன் வறுமையால் நிலத்தை இழந்தால், அடுத்த உறவினன் அதை மீட்க வேண்டிய கடமையுடையவன்.

இந்தக் கொள்கை அரசனையும் கட்டுப்படுத்துமா என்பதுதான் நாபோத்தின் கதை. ஆகாப் அரசன் வேறு நல்ல தோட்டமோ விலையோ தருவதாகச் சொல்லியும், முன்னோர்வழிச் சொத்தைத் தரமாட்டேன் என்று நாபோத் மறுக்கிறான். அரசி யேசபேல் பொய்ச்சாட்சிகளை நிறுத்தி அவனைக் கல்லெறிந்து கொல்லச் செய்து தோட்டத்தைப் பறிக்கிறாள். மறுப்புக்கு நாபோத் கூறும் காரணம் விலை குறைவு என்பதல்ல, அது கடவுளுக்கு முன் தகாது என்பது. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்பவர்களை தீர்க்கதரிசிகளான ஏசாயாவும் மீகாவும் சபிப்பதும் இதே நோக்கில்தான். சட்டம் இருந்தும் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் நிலம் சிலர் கையில் குவிந்துகொண்டிருந்தது என்பதையும் அந்தச் சாபங்களே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

நிலப் பரிமாற்றம் எப்படி நடந்தது என்பதை அருகிலிருந்து பார்க்க, தீர்க்கதரிசி எரேமியாவின் நூலில் 32ஆம் அதிகாரத்தைப் படிக்கலாம். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கும்போது, சிறைக்காவலில் இருக்கும் எரேமியா, ஆனதோத்திலுள்ள தன் உறவினனின் வயலை 17 சேக்கல் வெள்ளிக்கு மீட்கிறார். வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது. இன்றைய அளவில் அது 190 கிராமுக்குச் சற்று மேல். பத்திரம் எழுதி, சாட்சிகள் ஒப்பமிட்டு, முத்திரையிட்ட படியும் திறந்த படியும் நெடுநாள் கெடாதிருக்க ஒரு மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. நாடே கைவிட்டுப் போகும் நேரத்தில் நடந்த இந்தக் கிரயத்தை அவர் தீர்க்கதரிசனச் செயலாகவே செய்கிறார், ஆனாலும் பத்திர நடைமுறையில் ஒரு படியைக்கூட விட்டுவிடவில்லை.

வட்டியை ஏன் தடைசெய்தார்கள்?

வட்டியைக் குறிக்கும் எபிரெயச் சொற்களில் ஒன்று ‘நெஷெக்’. அதன் வேர்ப்பொருள் ‘கடி’. பாம்பு கடிப்பதற்கும் அதே வினைதான். யாத்திராகமம், லேவியராகமம், உபாகமம் ஆகிய சட்டநூல்கள் மூன்றுமே சக இஸ்ரவேலனிடம் வட்டி வாங்குவதைத் தடுக்கின்றன. அந்நியனிடம் வாங்க உபாகமம் மட்டும் வெளிப்படையாக அனுமதிக்கிறது. இந்த வேறுபாட்டை வெறும் இனப்பாகுபாடாகப் படிப்பது எளிது, ஆனால் கடனின் இயல்பு அங்கே இரு வகையானது என்பதையும் கவனிக்க வேண்டும். அண்டைவீட்டான் கேட்பது, மழை பொய்த்த ஆண்டில் விதைக்கும் உணவுக்குமான கடன். அந்நியன் பெரும்பாலும் வணிகன். அவன் வாங்குவது இலாபத்துக்கான முதல். பசிக்கு வாங்கிய கடனில் வட்டி ஏறினால் முடிவு ஒன்றுதான்: முதலில் விளைச்சல் போகும், பிறகு வயல், பிறகு பிள்ளைகள், கடைசியில் கடனாளியே அடிமையாவான்.

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘வட்டி’யுடன் ‘பொலிசை’ என்ற சொல்லையும் ஆள்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் பணத்துக்கு ஊர்ச்சபைகள் செலுத்திய வட்டியின் பெயர் அதுவே. அங்கே கடன் கொடுத்தது கோயில். இங்கே கடவுளின் பெயரால் தடுக்கப்பட்டது அதே செயல்.

தடை எங்கும் கடைப்பிடிக்கப்பட்டதா என்றால், இல்லை. எகிப்தின் எலெபந்தைனில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் யூதப் படைக்குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்களுக்கென்று ஓர் ஆலயமும் இருந்தது. அங்கே கிடைத்த பாப்பிரசு ஆவணம் ஒன்றில், ஒரு யூதப் பெண் மற்றொரு யூதரிடமிருந்து 4 சேக்கல் வெள்ளியை மாதம் நூற்றுக்கு 5 என்ற வட்டியில் வாங்குகிறாள். ஆண்டுக்கு 60 விழுக்காடு.

அடகு பற்றிய விதிகள் ஏன் இவ்வளவு நுணுக்கமாக உள்ளன?

வட்டி இல்லையென்றால் கடன் கொடுப்பவனுக்கு அடகு ஒன்றே பாதுகாப்பு. ஆகவே சுரண்டலும் அங்கேதான் நுழைந்தது. திரிகையின் மேற்கல்லை மட்டும்கூட அடகாக வாங்கக் கூடாது என்கிறது உபாகமம். அந்தக் கல் இல்லாவிட்டால் அன்றாட மாவு அரைக்க முடியாது. விதவையின் உடையை அடகு பிடிக்கக் கூடாது. கடன் கொடுத்தவன் வீட்டுக்குள் புகுந்து அடகுப்பொருளைத் தேடாமல் வாசலில் நிற்க வேண்டும். ஏழையின் மேலாடையை வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டும், ஏனென்றால் அவனுக்கு இரவில் போர்வையும் அதுவே.

இவை ஏட்டுச்சுரைக்காய் அல்ல என்பதை உடைந்த பானையின் ஓடு ஒன்று உணர்த்துகிறது. 1960இல், மத்தியதரைக் கடலோரத்தில் மெத்சாத் ஹஷாவ்யாகு என்று இன்று அழைக்கப்படும் சிறு கோட்டையில் கிடைத்த அந்த ஓட்டில், கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஓர் அறுவடைக் கூலியாளின் முறையீடு மையால் எழுதப்பட்டுள்ளது. தான் அறுத்து அளந்து களஞ்சியத்தில் சேர்த்துவிட்டதாகவும், அதன்பிறகும் சோபாயின் மகன் ஒசாயாகு தன் ஆடையைப் பறித்துக்கொண்டதாகவும், வெயிலில் தன்னோடு அறுத்த சகோதரர் எல்லாரும் தன் பக்கம் சாட்சி சொல்வார்கள் என்றும் அவன் அதிகாரியிடம் மன்றாடுகிறான். வேத வசனம் எதையும் அவன் எடுத்துக்காட்டவில்லை. ஆடையைத் திருப்பித் தருவது உமது கடமை இல்லையென்றாலும் இரக்கம் காட்டும் என்ற பொருளில்தான் முடிக்கிறான். சட்டநூலின் ஒரு வரிக்கும் ஒரு மனிதனின் மேலாடைக்கும் இடையில் இவ்வளவு நெருக்கம் காட்டும் சான்று வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

ஏழாம் ஆண்டு விடுதலை உண்மையில் நடைமுறையில் இருந்ததா?

பிற்காலத்தில் இருந்தது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட வேண்டும்; தானாக முளைப்பது ஏழைகளுக்கும் விலங்குகளுக்கும் உரியது. கி.மு. 163 அளவில் பெத்சூர் கோட்டையில் முற்றுகைக்குள்ளான யூதர்கள், அது நிலத்தின் ஓய்வு ஆண்டானதால் உணவு இருப்பு இல்லாமல் சரணடைந்ததாக மக்கபேயர் முதல் நூல் பதிவு செய்கிறது. ஏழாம் ஆண்டில் அவர்கள் விதைப்பதுமில்லை, கனிகளைப் பறிப்பதுமில்லை என்பதால் அந்த ஆண்டுக்கு மட்டும் வரிவிலக்கு அளித்து ஜூலியஸ் சீசர் ஆணையிட்டதை வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எடுத்தெழுதுகிறார். வேற்று அரசின் வரிக்கணக்கிலேயே இடம்பிடித்த நோன்பு இது.

உபாகமத்தின் 15ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் கடனையும் விட்டுவிடச் சொல்கிறது. இங்கேதான் சிக்கல். விடுதலை ஆண்டு நெருங்க நெருங்க எவன் கடன் கொடுப்பான்? சட்டமே இதை முன்கூட்டி அறிந்திருக்கிறது. ‘ஏழாம் ஆண்டு கிட்டிவிட்டது’ என்று மனத்துக்குள் எண்ணி ஏழைக்கு இல்லையென்று சொல்லாதே என்று எச்சரிக்கிறது. எச்சரிக்கை பலிக்கவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி வாழ்ந்த ஹில்லேல் என்ற போதகர், மக்கள் கடன் கொடுக்கத் தயங்குவதைக் கண்டு ‘புரொஸ்புல்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்ததாக யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. கடன் கொடுத்தவர், தனக்கு வர வேண்டியதை எப்போது வேண்டுமானாலும் வசூலிப்பேன் என்று நீதிபதிகளிடம் எழுதிக்கொடுத்துவிட்டால் ஏழாம் ஆண்டு அந்தக் கடனைத் தொடாது. ஏழையைக் காக்க எழுந்த சட்டத்தை, ஏழையின் பொருட்டே செயலிழக்கச் செய்ய வேண்டியிருந்தது. ஹில்லேலைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யூபிலி ஆண்டும் அப்படியேதானா?

யூபிலி வேறு. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத, விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும்; கடனால் அடிமையானவர் விடுதலையாவார். மதில் சூழ்ந்த நகரத்து வீடுகளுக்கு இது பொருந்தாது. அவற்றை ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் போனது போனதுதான். இந்த விதிவிலக்கு கவனிக்கத் தக்கது: சட்டம் காக்க முனைந்தது சொத்தை அல்ல, உழுது உண்ணும் குடும்பத்தை. ஆயினும் ஒரு யூபிலி ஆண்டு இன்ன அரசன் காலத்தில் நடந்தது என்று வேதாகமத்தில் ஓரிடத்திலும் கூறப்படவில்லை.

இப்படியோர் எண்ணம் வெறும் கனவாக எழுந்ததும் அல்ல. கி.மு. 17ஆம் நூற்றாண்டின் பாபிலோனிய அரசன் அம்மிசதூகா உள்ளிட்ட மெசபொத்தேமிய அரசர்கள், பெரும்பாலும் அரியணை ஏறியதும், உழவர் கடன்களைத் தள்ளுபடி செய்து ஆணையிட்டார்கள். அங்கே அது அரசனின் கருணை. அவன் விரும்பும்போது வரும். லேவியராகமம் அதை அரசன் கையிலிருந்து எடுத்து நாள்காட்டியில் வைத்துவிட்டது.

கடன் நெருக்கடி முற்றியபோது என்ன நடந்தது?

நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரம் அதைக் காட்டுகிறது. கி.மு. 445இல் பாரசீக அரசனின் அதிகாரியாக எருசலேம் வந்த நெகேமியா மதிலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, ஆண்களும் பெண்களும் கூக்குரலிட்டு வருகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க வயல்களை அடகு வைத்தோம், அரசனின் வரிக்காகக் கடன்பட்டோம், எங்கள் குமாரத்திகளில் சிலர் ஏற்கனவே அடிமைப்பட்டுவிட்டார்கள், மீட்க எங்களுக்கு வழியில்லை என்பது அவர்கள் முறையீடு. அந்நியர் கொடுத்த கடன் பற்றிய குறை அல்ல இது. கடன் கொடுத்தவர்கள் சொந்தச் சகோதரர். நெகேமியா பிரபுக்களைக் கூட்டி, வயல், திராட்சத் தோட்டம், ஒலிவத் தோப்பு, வீடு ஆகியவற்றோடு வாங்கிய வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் செய்து, ஆசாரியர்கள் முன்னிலையில் சத்தியம் வாங்குகிறார். பிறகு தம் மேலாடையின் மடியை உதறி, சொல் தவறுபவனைக் கடவுள் இப்படி உதறட்டும் என்கிறார். தாமும் தம் ஆட்களும்கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருந்ததை அவர் மறைக்கவில்லை.

ஆலயத்துக்கு எங்கிருந்து வருமானம் வந்தது?

பலிகளின் பங்கு, முதற்பலன், தசமபாகம், நேர்த்திக்கடன், ஆண்டுவரி என்று பல வழிகள். சமாதானபலியில் மார்புக்கண்டமும் வலது தொடையும், சர்வாங்க தகனபலியில் தோலும் ஆசாரியருக்கு உரியவை. சீலோவில் ஏலியின் மகன்கள் இதை எப்படிக் கெடுத்தார்கள் என்பதைச் சாமுவேல் முதல் நூல் சொல்கிறது: இறைச்சி வேகும்போதே வேலைக்காரன் மூன்று பல்லுள்ள முட்கரண்டியோடு வந்து பானைக்குள் குத்துவான், அதில் சிக்கியதெல்லாம் ஆசாரியனுக்கு. பிறகு அதுவும் போதாமல், கொழுப்பைக் கடவுளுக்கு எரிக்கும் முன்பே பச்சை இறைச்சியைக் கேட்டார்கள். தராவிட்டால் பறித்துக்கொள்வோம் என்றார்கள்.

ஆலயப் பணத்தின் கணக்கு பற்றி யோவாஸ் அரசன் காலத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. பழுதுபார்க்கவென்று வாங்கிய வெள்ளியை வைத்துக்கொண்டு, அவனது 23ஆம் ஆட்சியாண்டுவரை ஆசாரியர்கள் எதையும் பழுதுபார்க்கவில்லை. ஆகவே ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்தருகே வைத்தான். நிறைந்ததும் அரசனின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். தச்சரிடமும் கொத்தரிடமும் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று இராஜாக்களின் இரண்டாம் நூல் சேர்த்துச் சொல்வது குத்தலாகவே ஒலிக்கிறது.

ஏழைகளால் பலி செலுத்த முடிந்ததா?

ஆட்டுக்கு வசதியில்லாதவர் இரண்டு காட்டுப்புறாக்களோ புறாக்குஞ்சுகளோ செலுத்தலாம். பாவநிவாரண பலியில் அதற்கும் இயலாதவர் எப்பா என்ற முகத்தலளவையின் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவந்தால் போதும்.

ஆலயக் கருவூலம் அரசின் கருவூலமாகவும் இருந்ததா?

நெருக்கடியில் அப்படித்தான். கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவைத் தாக்கியபோது, அதன் அரசர் எசேக்கியா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்ட வேண்டியிருந்தது. ஆலயக் கதவுகளில் தாமே பொதிந்த பொன்னை அவர் உரித்துக் கொடுத்தார். சனகெரிப்பின் சொந்தக் கல்வெட்டு வெள்ளியை 800 தாலந்து என்கிறது, பொன்னை அதே 30 தாலந்து என்கிறது. பிற்காலத்தில் தனியாரின் வைப்புப் பணமும் அங்கே இருந்தது: செலூக்கிய அரசின் அதிகாரி எலியோதோர் கருவூலத்தைப் பறிக்க வந்தபோது, அதில் விதவைகளும் அனாதைகளும் வைத்த பணம் உண்டு என்று பிரதான ஆசாரியர் மறுத்ததாக மக்கபேயர் இரண்டாம் நூல் கூறுகிறது.

எருசலேமில் மட்டுமே பலி என்ற விதி ஊர்ப்புறங்களை எப்படிப் பாதித்தது?

கி.மு. 622 அளவில் யோசியா அரசன் ஊர்தோறும் இருந்த பலிமேடைகளை இடித்தார். இதன் முதல் விளைவு சமையலறையில் தெரிந்திருக்கும்: உபாகமம், இரத்தத்தை நிலத்தில் ஊற்றிவிட்டு அவரவர் ஊரிலேயே இறைச்சிக்காக விலங்கை அறுக்க அனுமதிக்கிறது. இரண்டாவது, ஊர்ப் பலிபீடங்களை நம்பிய லேவியர்கள், அதாவது வழிபாட்டுப் பணிக்குரிய லேவி குலத்தவர், பிழைப்பை இழந்தார்கள். அந்நியன், அனாதை, விதவை என்ற வரிசையில் லேவியனும் சேர்க்கப்படுவதன் பின்னணி இதுவாகவே தோன்றுகிறது. மூன்றாவது, தொலைவு. தசமபாகத்தைச் சுமந்துவர இயலாதவர் அதை விற்று வெள்ளியாக்கி, எருசலேமில் மாடு, ஆடு, திராட்சரசம், மதுபானம் என்று மனம் விரும்பியதை வாங்கிக் குடும்பத்தோடு உண்டு மகிழலாம். ஒவ்வொரு மூன்றாம் ஆண்டும் அது ஊரிலேயே இல்லாதவர்க்குப் போக வேண்டும்.

தீர்க்கதரிசிகள் சந்தையைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏமாற்று அங்கே அன்றாடக் காட்சியாக இருந்ததால். அமாவாசையும் ஓய்வுநாளும் எப்போது முடியும், நாம் தானியம் விற்கலாமே என்று முணுமுணுக்கும் வணிகர்களை ஆமோஸ் காட்டுகிறார். எப்பாவைச் சிறிதாக்கிச் சேக்கலைப் பெரிதாக்குவது அவர்கள் உத்தி. நாணயம் இல்லாத காலம் அது. வாங்குபவன் வெள்ளித் துண்டுகளை நிறுத்துக் கொடுப்பான். நம் மரக்காலைப் போன்ற முகத்தலளவையான எப்பா சிறியதாக இருந்தால் அவனுக்குத் தானியம் குறையும். தராசின் மறுதட்டில் சேக்கல் கல் கனமாக இருந்தால் அவன் வெள்ளி கூடுதலாகப் போகும். ஒரே விற்பனையில் இரண்டு முறை இழக்கிறான், போதாததற்குப் பதரும் கலந்திருக்கிறது. பையில் பெரிதும் சிறிதுமாக இரு கற்களை வைத்திராதே என்ற உபாகம விதி இதையே குறிவைக்கிறது. அடகாக வாங்கிய ஆடைகளை விரித்து, பலிபீடங்களின் அருகிலேயே படுத்துக்கொள்கிறார்கள் என்பதும் ஆமோஸின் குற்றச்சாட்டு. சமயத்தைக் கைவிட்டவர்கள் மீதல்ல, அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் மீது அது விழுகிறது.

ஆலயத்தில் நாணயம் மாற்றுபவர்கள் எதற்கு?

இரண்டாம் ஆலயக் காலத்தின் பிற்பகுதியில், இருபது வயது நிரம்பிய ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு அரைச் சேக்கல் ஆலயவரி செலுத்தினர். அதற்குத் தீரு நகர வெள்ளி நாணயமே ஏற்கப்பட்டது, ஏனென்றால் அதன் வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் தூயது. யூத நாள்காட்டியின் ஆதார் மாதம் 15ஆம் நாள் வெளியூர்களிலும் 25ஆம் நாள் ஆலயத்திலும் மாற்று மேசைகள் போடப்பட்டதாகவும், மாற்றுக்கூலி வாங்கப்பட்டதாகவும் மிஷ்னா கூறுகிறது. உருவ வழிபாட்டை வெறுத்த ஆலயத்துக்குள் வந்த அந்த நாணயத்தின் ஒரு பக்கத்தில் தீருவின் தெய்வமான மெல்கார்த்தின் தலையும், மறுபக்கத்தில் கழுகும் பொறிக்கப்பட்டிருந்தன. வெள்ளியின் தரம் வென்றது.

ஆலயம் அழிந்தபின் இவையெல்லாம் என்னவாயின?

பலியும் ஆசாரியர் பங்கும் நின்றன. கடனின் கசப்பு அதற்கு முன்பே வெடித்திருந்தது: கி.பி. 66இல் கிளர்ச்சியாளர்கள் எருசலேமின் ஆவணக் களரிக்குத் தீவைத்துக் கடன் பத்திரங்களை எரித்தார்கள், கடனாளிகளைத் தங்கள் பக்கம் சேர்ப்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்கிறார் ஜொசிபஸ். ஆலயவரி மட்டும் நிற்கவில்லை. பேரரசர் வெஸ்பாசியன் அதே அளவு தொகையை, ஆண்டுக்கு இரண்டு திராக்மாவை, பேரரசெங்கும் உள்ள யூதர்கள் உரோமாபுரியின் ஜுபிட்டர் கோயிலுக்குச் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தின் எட்ஃபு நகரில் அந்த வரிக்கான ரசீதுகள் பானையோடுகளில் எழுதப்பட்டுக் கிடைத்துள்ளன. முன்பு வளர்ந்த ஆண்கள் மட்டுமே செலுத்திய அந்த வரியில், இப்போது பெண்களின் பெயர்களும், மூன்று வயதுக் குழந்தைகளின் கணக்கும் இருக்கின்றன.